கறுப்புப் புள்ளிக்குப் பெயர் கேட்போம்: வாசகர் கேள்வி பதில்

வணக்கம் ஆன்ட்டி. நான் உயிரியலில் முதுகலை படிக்கிறேன். எலியின் கல்லீரல் செல்லில் ஆசிட் பாஸ்படேஸ் என்ற நொதி எங்கே இருக்கிறது என்று எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிறேன். ஈயம் சேர்த்துச் செய்யும் பழைய முறைதான். செல்லுக்குள் கழிவைச் செரிக்கும் பைகளான லைசோசோம்களில் கறுப்புப் புள்ளிகள் அழகாக விழுந்திருக்கின்றன. படம் இத்துடன் இருக்கிறது. ஆனால் என் பேராசிரியை, எக்ஸ்ரே பகுப்பாய்வும் செய்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்கிறார். கண்ணுக்கே தெரியும்போது எக்ஸ்ரே எதற்கு?
*ஒரு மாணவி, ஃபீனிக்ஸ், டர்பன்*

மகளே, உன் படத்தை மூன்று நாள் என் மேசையில் வைத்துப் பார்த்தேன். வெட்டு நன்றாக வந்திருக்கிறது. கத்திக் கீறல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் உன் பேராசிரியை கேட்பது நியாயம். முப்பத்தேழு வருஷம் நான் செய்த வேலை இது என்பதால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டால் சிவந்துவிடும். சுண்ணாம்பு கண்ணுக்குத் தெரியாது, சிவப்பை வைத்து அது விழுந்திருக்கிறது என்று சொல்கிறோம். டொங்காட்டில் எங்கள் ஆயாதான் கல்யாண வீடுகளில் ஆரத்தி கரைப்பார். ஒரு கல்யாணத்தில் சுண்ணாம்பு கிடைக்கவில்லை என்று யாரோ குங்குமத்தைக் கரைத்து வைத்துவிட்டார்கள். தட்டு அதே சிவப்பு. அந்தக் கல்யாண போட்டோ இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. எந்தச் சிவப்பு என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

உன் கறுப்புப் புள்ளியும் அப்படிப்பட்டதுதான். நொதி ஒரு புரதம். கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று செல்லின் மற்ற பாகங்களில் இருக்கும் அதே சரக்குதான் அதிலும் இருக்கிறது. எலக்ட்ரான் கற்றைக்கு அது தனியாகத் தெரியாது. அதனால் நொதிக்கு வேலை கொடுத்து, அந்த வேலையின் தடயத்தைப் பிடிக்கிறோம். கிளிசரோபாஸ்பேட்டைக் கொடுத்தால் நொதி அதிலிருந்து பாஸ்பேட்டை வெட்டி விடுகிறது. சுற்றியிருக்கும் ஈயம் அந்தப் பாஸ்பேட்டை உடனே பிடித்து, கரையாத ஈய பாஸ்பேட்டாக அதே இடத்தில் படிந்துவிடுகிறது. சிக்காகோவில் கோமோரி 1941-ல் சாதாரண மைக்ரோஸ்கோப்புக்காக இந்த முறையைக் கொண்டுவந்தார். வெள்ளைப் படிவைக் கறுப்பாக்க அவர் அம்மோனியம் சல்பைடு சேர்க்க வேண்டியிருந்தது. நமக்கு அது தேவையில்லை. கார்பனின் அணு எண் 6, ஈயத்தின் எண் 82. அவ்வளவு கனமான அணு எலக்ட்ரான்களைச் சிதறடித்துத் தானாகவே கறுப்பாகத் தெரியும்.

இதற்கெல்லாம் நொதி உயிரோடு இருக்க வேண்டும். அதுவே ஒரு காலத்தில் பெரிய தடையாக இருந்தது. செல்லைக் கெடாமல் நிறுத்தும் ஆஸ்மியம் என்ற கன உலோகக் கரைசலில் நேராகப் போட்டால் செல்லின் உருவம் நிற்கும், நொதி செத்துவிடும். 1963-ல் சபாட்டினி, பென்ஷ், பார்னெட் மூவரும் குளூட்டரால்டிஹைடைக் கொண்டுவந்த பிறகுதான் இரண்டையும் ஒன்றாகக் காப்பாற்ற முடிந்தது. முதலில் குளூட்டரால்டிஹைடு, அப்புறம் நொதியின் வேலை, கடைசியில் ஆஸ்மியம் என்ற வரிசை அன்று வந்தது. நீயும் அதைத்தான் செய்கிறாய்.

சரி, உன் படத்துக்கு வருவோம். கல்லீரல் லைசோசோமில் நீ ஈயம் சேர்க்காவிட்டாலும் கறுப்பு இருக்கும். பழைய சிவப்பணுக்கள் உடைந்து வரும் இரும்பு ஃபெரிட்டினாகவும் ஹீமோசிடரினாகவும் அங்கேதான் சேர்கிறது. கொழுப்புத் துளிகளை ஆஸ்மியம் கறுப்பாக்கும். படம் எடுப்பாகத் தெரிய லெட் சிட்ரேட் என்ற ஈயச் சாயம் போடும்போது நம் மூச்சு பட்டாலே போதும், கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து ஈய கார்பனேட் உருண்டைகள் விழும். ஈயம் சும்மாவே செல்லின் கருவில் போய் ஒட்டிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. இவை எல்லாமே கறுப்புத்தான். நீ காட்டும் படத்தில் எது எதுவென்று எனக்குத் தெரியவில்லை, உன் பேராசிரியைக்கும் தெரியாது.

எக்ஸ்ரே இங்கேதான் உதவுகிறது. எலக்ட்ரான் கற்றை ஓர் அணுவில் மோதும்போது உள்வட்டத்து எலக்ட்ரான் ஒன்று தெறித்துப் போகும். மேல்வட்டத்திலிருந்து வேறொன்று அந்த இடத்துக்கு இறங்கும். இறங்கும்போது மிச்சமாகும் ஆற்றல் எக்ஸ்ரேயாக வெளியே வரும். அந்த ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் மாறும் என்பதையும், அது அணு எண்ணைப் பின்பற்றி ஒழுங்காக ஏறுகிறது என்பதையும் 1913-ல் மோஸ்லி என்ற இளைஞர் காட்டினார். இரண்டே வருஷத்தில், 27 வயதில், கலிப்போலிப் போரில் அவர் இறந்துபோனார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இதைப் படித்தேன். அதற்குப் பிறகு திரையில் எக்ஸ்ரே வரைபடத்தின் முகடு எழும்போதெல்லாம் அவர் நினைவு வராமல் இருந்ததில்லை.

கற்றையைக் கூராக்கி உன் கறுப்புப் புள்ளியின் மேலேயே நிறுத்து. வரும் எக்ஸ்ரேக்களை டிடெக்டர் எண்ணி வரைபடமாக்கும். 6.40 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் முகடு எழுந்தால் அது இரும்பு. அப்படியானால் அந்தப் புள்ளி உன் நொதியின் வேலையால் வந்தது என்று சொல்ல முடியாது. ஈயம் என்றால் 2.35-லும் 10.55-லும் எழும், பாஸ்பரஸ் 2.01-ல். ஈயமும் பாஸ்பரஸும் ஒரே புள்ளியில், பக்கத்து சைட்டோபிளாசத்தைவிட மிக உயரமாக எழுந்தால் உன் படிவு ஈய பாஸ்பேட் என்று சொல்லத் தைரியம் வரும். பாஸ்பரஸை மட்டும் நம்பிவிடாதே. செல்லின் சவ்விலும் டிஎன்ஏயிலும் அது நிறைய இருக்கிறது.

இதில் சில பள்ளங்கள் உண்டு. நானே ஒன்றில் விழுந்திருக்கிறேன் என்பதால் விரிவாகச் சொல்கிறேன். டிடெக்டரின் பிரித்தறியும் திறன் சுமார் 0.13 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதைவிட நெருங்கி நிற்கும் இரண்டு முகடுகள் ஒன்றாகவே தெரியும். கந்தகம் 2.31-ல், ஈயத்தின் தாழ்ந்த முகடு 2.35-ல் என்பதால் அவை பிரியாது. ஆஸ்மியம் 1.91-ல் எழுந்து பாஸ்பரஸை மூடிக்கொள்ளும். அதனால் ஒரு துண்டையாவது ஆஸ்மியம் போடாமல் வைத்துக்கொள். படம் மங்கலாக வரும், பரவாயில்லை.

என் பள்ளம் ஆர்செனிக். கரைசலின் புளிப்பு மாறாமல் காக்க பஃபர் வேண்டும். பாஸ்பேட் பஃபர் ஈயத்தோடு சேர்ந்து தானே படிந்துவிடும் என்பதால் நாம் கக்கோடைலேட் பஃபர் எடுக்கிறோம், இல்லையா? கக்கோடைலேட்டில் ஆர்செனிக் இருக்கிறது. ஆர்செனிக்கின் முகடு 10.54, ஈயத்தின் முகடு 10.55. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், கிளிசரோபாஸ்பேட் கொடுக்காத துண்டில் எனக்கு 10.5-ல் நல்ல முகடு வந்தது. ஈயம் கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுகிறது, இந்த முறையே தேறாது என்று முடிவு கட்டி மூன்று வாரத்து வேலையைத் தூக்கி எறிந்தேன். பிறகு ஒரு நாள் சாயங்காலம் பழைய வரைபடத்தை எடுத்து 12.6-ஐப் பார்த்தேன். ஈயமாக இருந்தால் அங்கே இன்னொரு முகடு இருந்தே ஆக வேண்டும். இல்லை. 2.35-லும் ஒன்றுமில்லை. நான் துண்டுகளைச் சரியாகக் கழுவவில்லை, அவ்வளவுதான். அந்த மூன்று வாரத் துண்டுகளில் நல்லவையும் இருந்தன. இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் உன்னிடம் சொல்கிறேன், 10.5-ஐத் தனியாக நம்பாதே. 12.6-ஐயும் 2.35-ஐயும் சேர்த்துப் பார்.

எக்ஸ்ரேக்காக வெட்டும் துண்டு வெள்ளி நிறத்தில் மிதக்கக் கூடாது, பொன்னிறத்தில் மிதக்க வேண்டும், கொஞ்சம் தடிப்பாக. மெல்லிய துண்டில் எண்ணிக்கை போதாது. லெட் சிட்ரேட் சாயம் வேண்டவே வேண்டாம், நாமே ஈயத்தைப் பூசிவிட்டு ஈயத்தைத் தேடுவதா? 2.62-ல் ஒரு முகடு நிற்கும், அது பெரும்பாலும் துண்டைப் பதித்து வைக்கும் ரெசினில் உள்ள குளோரின், பயப்படாதே. உன் பேராசிரியை அனுமதித்தால் ஈயத்தோடு செரியம் என்ற உலோகத்தையும் வைத்து ஒரு முறை செய்து பார். செரியம் பாஸ்பேட் நுண்ணிய தூளாகப் படியும், ஈயத்தைப் போலக் கருவில் போய் அவ்வளவாக ஒட்டாது. அதன் முகடு 4.84-ல். செல்லில் இயல்பாக இருக்கும் எந்தத் தனிமமும் அந்த இடத்தில் எழாது. பாஸ்படேஸ்களுக்குச் செரியம் பயன்படும் என்று ராபின்சனும் கார்னாவ்ஸ்கியும் 1983-ல் காட்டினார்கள். என் கடைசிப் பத்து வருஷம் நான் அதைத்தான் விரும்பிச் செய்தேன்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும். புள்ளியில் இருப்பது ஈயம் என்று எக்ஸ்ரே சொல்லும். அதை அங்கே கொண்டுவந்தது நொதிதானா என்று அதற்குச் சொல்லத் தெரியாது. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருளை வைத்துச் செய்யும் முறையில், நொதியே இல்லாமல் ஈயம் தானாகவே ஏடிபியை உடைக்கும் என்று 1966-ல் ஓர் ஆய்வு வந்து, இந்தத் துறையே இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அதனால் மூன்று துண்டுகள் வேண்டும். ஒன்று முழு முறையில் செய்தது. இன்னொன்று கிளிசரோபாஸ்பேட் இல்லாதது. மூன்றாவது, சோடியம் புளோரைடால் நொதியை அடக்கிவிட்டுச் செய்தது. கடிதத்தில் முதல் துண்டைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறாய். மற்ற இரண்டும் உன்னிடம் இருந்தால், எக்ஸ்ரேக்குப் போகும் நாளில் அவற்றை முதலில் உள்ளே வை. முழு முறையின் அழகான படத்தை முதலில் பார்த்துவிட்டால் மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும்.

வெட்டி வைத்த கரும்பும் பிழிந்த சாறும் கறுத்துப்போவது ஒரு நொதியால் என்று பேரன் சொல்கிறான். அந்த நொதியில் செம்பு இருக்கிறதாமே? அப்படியானால் உங்கள் எக்ஸ்ரேயில் அந்தச் செம்பை நேராகவே பார்த்துவிடலாமே?
*ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி, டொங்காட்*

ஐயா, இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது உங்களுடையதுதான். பேரன் சொல்வது உண்மை. அந்த நொதியின் பெயர் பாலிபீனால் ஆக்சிடேஸ், அதன் நடுவில் செம்பு அணுக்கள் இருக்கின்றன. உயிருள்ள கரும்பில் நொதி ஓர் அறையிலும், அது வேலை செய்யும் பீனால் பொருள்கள் வேறோர் அறையிலும் இருக்கின்றன. நொதி பசுங்கணிகத்தின் உள்மடிப்புகளில், பீனால்கள் செல்லின் பெரிய நீர்ப்பையில். ஆலையில் நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன, காற்றும் சேர்கிறது, சாறு கறுக்கிறது. எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறாமல் கொஞ்ச நேரம் நிற்பதற்குக் காரணம் அதன் புளிப்பும் வைட்டமின் சி-யும் நொதியைத் தடுப்பதுதான்.

நேராகச் செம்பைப் பார்க்க முடியாததற்கு முதல் காரணம், அது மிகவும் குறைவு. நாங்கள் பார்க்கும் புள்ளியின் எடையில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் முகடு தெளிவாக எழும். ஒரு பெரிய புரதத்துக்குள் ஒன்றிரண்டு செம்பு அணுக்கள் என்றால் மற்ற இரைச்சலில் மறைந்துவிடும். இரண்டாவது காரணம் இன்னும் எளிமையானது. துண்டைத் தாங்கும் சின்ன வலையே, நாங்கள் கிரிட் என்போம், பெரும்பாலும் செம்பில் செய்தது. செம்பைத் தேடினால் கிரிட்டின் செம்புதான் வரும்.

அதனால் இங்கேயும் தடயத்தைத்தான் பிடிக்கிறோம். நொதிக்கு டோபா என்ற பொருளைக் கொடுத்தால் அதைக் கரும்பழுப்பாக்கும். அந்தப் பழுப்பு ஆஸ்மியத்தை இழுத்துக்கொள்ளும். பசுங்கணிகத்தின் உள்மடிப்புகள் கறுத்துக் கோடு கோடாகத் தெரியும்போது அது ஆஸ்மியம்தானா என்று எக்ஸ்ரேயில் பார்க்கலாம். ஆனால் ஆஸ்மியத்தின் முகடு 8.91-ல், செம்பின் இரண்டாவது முகடு 8.90-ல். செம்பு கிரிட்டில் வைத்துப் பார்த்தால் ஆஸ்மியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே ஒரு முகடு நிற்கும். ஆகவே நிக்கல் கிரிட். விலை கூட, ஆனால் வேறு வழியில்லை.

எங்கள் ஆயாவும் கரும்புத் தோட்டத்தில் வெட்டியவர்தான். கை கறுத்திருப்பதைக் காட்டி, கரும்பு என்மேல் எழுதிவிட்டது என்பார். அந்தக் கறுப்பிலும் இந்த நொதியின் வேலை கொஞ்சம் இருந்திருக்கும் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோதுதான் தோன்றியது.

அந்த மெஷினில் வரும் எக்ஸ்ரே உடம்புக்குக் கெடுதி இல்லையா? என் மகள் லேப் வேலைக்குப் போகப்போகிறாள்.
*ஒரு அம்மா, ஐசிபிங்கோ*

அம்மா, கருவியின் உலோகத் தூணும் ஈயம் கலந்த பார்வைக் கண்ணாடியும் எக்ஸ்ரேயை உள்ளேயே நிறுத்திவிடும். மகள் கவனமாக இருக்க வேண்டியது வேறு பொருள்களிடம். ஆஸ்மியத்தின் ஆவி கண்ணைக் கெடுக்கும், கக்கோடைலேட் ஆர்செனிக் விஷம், ஈய நைட்ரேட்டும் விஷம், பழைய வகை டிடெக்டரைக் குளிர்விக்க ஊற்றும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி. புகைப்போக்கி அலமாரிக்கு வெளியே ஆஸ்மியம் புட்டியைத் திறக்கச் சொன்னால், சொல்பவர் யாராக இருந்தாலும் மறுக்கச் சொல்லுங்கள்.

என் மகனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சந்தேகிக்கிறார்கள். அறிக்கையில் மைலோபெராக்சிடேஸ் பாசிட்டிவ் என்று இருக்கிறது. இதுவும் நொதிதான் என்றார்கள். பாசிட்டிவ் என்றால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமா?
*ஒரு தாய், சாட்ஸ்வொர்த்*

அம்மா, முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாசிட்டிவ் நோய் முற்றியதைக் குறிப்பதில்லை. செல்கள் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று பிரிக்க உதவும் அடையாளம் அது. மைலாய்டு என்ற குடும்பத்துச் செல்களின் மணிகளில் இந்த நொதி இருக்கும், லிம்பாய்டு குடும்பத்தில் இருக்காது. இரண்டுக்கும் மருந்து வேறு என்பதால் டாக்டர்கள் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

செய்யும் முறை நான் மேலே சொன்னதற்கு உறவுதான். ஹைட்ரஜன் பெராக்சைடோடு டயாமினோபென்சிடின் என்ற பொருளைக் கொடுத்தால் நொதி அதைப் பழுப்பாக்கும். 1966-ல் கிரஹாமும் கார்னாவ்ஸ்கியும் அதை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குக் கொண்டுவந்தார்கள். சாதாரண மைக்ரோஸ்கோப்பில் ஒன்றும் தெரியாத இளம் செல்களில்கூட அதில் தெரியும். தட்டணுக்களை உண்டாக்கும் செல்களில் வரும் ஓர் அரிய வகை ரத்தப் புற்றை ஒரு காலத்தில் அப்படித்தான் கண்டுபிடித்தோம். கருவைச் சுற்றிய சவ்விலும் அதை ஒட்டிய உட்சவ்வுப் பின்னலிலும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். அந்தக் கோட்டைத் தேடி ராத்திரி எட்டு மணி வரை இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். வார்டில் யாரோ ஒரு பிள்ளைக்கு மருந்து காத்திருக்கிறது என்று தெரியும். இப்போது அந்த வேலையை ஆன்டிபாடிகளும் ஃப்ளோ சைட்டோமெட்ரி கருவியும் சில மணி நேரத்தில் செய்துவிடுகின்றன, அது நல்லதுதான்.

டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வகை என்று முடிவாகிவிட்டதா, குரோமோசோம் பரிசோதனை அனுப்பியாகிவிட்டதா? பதிலைத் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். மாரியம்மன் கூழ் ஊற்றும் நாளில் உங்கள் பிள்ளைக்காக நானும் விளக்கு ஏற்றுகிறேன்.

எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் துறையில் நம் டர்பன்காரர் ஒருவர் நோபல் பரிசு வாங்கினார் என்பது உண்மையா? உங்கள் காலத்தில் நம் பிள்ளைகளுக்கு அந்தக் கருவி கிடைத்ததா?
*ஒரு பள்ளி ஆசிரியர், மெரீபேங்க்*

உண்மை. ஆரன் குளூக். லிதுவேனியாவில் 1926-ல் பிறந்து, இரண்டு வயதில் டர்பனுக்கு வந்தவர். டர்பன் ஹை ஸ்கூலில் படித்து, ஜோகனஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் பட்டம் பெற்று, பிறகு இங்கிலாந்து போனார். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் படங்களிலிருந்து மூலக்கூறுகளின் முப்பரிமாண வடிவத்தை எடுக்கும் வழியைக் கண்டதற்காக 1982-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. செய்தி வந்த அன்று எங்கள் லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். குளூக் படித்த பள்ளி அப்போது வெள்ளையருக்கு மட்டுமானது. இந்தியர்களான நமக்கென்று 1961-ல் திறந்த கல்லூரி, துறைமுகத்தின் நடுவே சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டிடங்களில் இருந்தது. என் அண்ணன் அங்கே போக தினமும் படகு ஏறினார். வெஸ்ட்வில் மலையில் புது வளாகம் வந்தது 1970-களின் தொடக்கத்தில். நான் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பை முதன்முதலில் தொட்டது 1979-ல். அண்ணனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஒரு சனிக்கிழமை அனுமதி வாங்கி அவரை உள்ளே அழைத்துப்போய் ஒரு மைட்டோகாண்ட்ரியாவைக் காட்டினேன். பச்சைத் திரையின் முன்னால் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, இன்னொன்று காட்டு என்றார்.